பழைய காரின் புதிய முகம்

2012ஆம் ஆண்டு ஜூன் மாதம் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் ஆலையிலிருந்து முதன்முதலாக வெளிவந்த டெஸ்லா மாடல் எஸ் காருக்கு ஒரு மூக்கு இருந்தது. இரண்டு முகப்பு விளக்குகளுக்கும் நடுவே, கறுப்பாக, கண்ணாடிபோல் பளபளக்கும் ஒரு பெரிய தகடு. ‘நோஸ் கோன்’ என்று அதற்குப் பெயர். 2016 ஏப்ரலில் அந்த மூக்கை நிறுவனமே அறுத்துவிட்டது. புதிதாக வந்த காரில் பானெட்டிலிருந்து பம்பர் வரை உடலின் நிறமே வழவழவென்று இறங்கியது. மூக்கு இருந்த இடத்தில் மெல்லிய ஒரு கோடும் சின்னமும் மட்டுமே எஞ்சின. அன்று தொடங்கியது ஓர் ஆசை. மூக்குள்ள பழைய காரை வைத்திருந்தவர்களில் ஒரு சாரார், முன் பம்பரைக் கழற்றிவிட்டுப் புதிய முகத்தை வாங்கிப் பொருத்திக்கொள்ள முற்பட்டனர். அதற்கென்றே பம்பர் வார்த்து விற்பவர்களும் அமெரிக்காவில் தோன்றினர். அந்தக் கார்களில் மிகப் பழையவற்றுக்கு இன்று பன்னிரண்டு வயது கடந்துவிட்டது. ஆசை மட்டும் தீர்ந்தபாடில்லை.

இது வேண்டாத வேலை என்பது நம் கருத்து. ‘வீண் செலவு’ என்று எளிதாகச் சொல்லிவிட்டுப் போகலாம். அவரவர் பணம், அவரவர் கார் என்று எதிர்த்தரப்பும் அதே எளிமையோடு பதில் சொல்லிவிடும். நாம் சொல்ல வருவது வேறு.

தமிழ் இலக்கியம் கற்பித்துப் பிழைக்கும் நமக்கு இந்தக் காரோடு என்ன உறவு என்று வாசகர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். நம் ஊதியத்துக்கும் அந்தக் காருக்கும் இடையே பசிபிக் பெருங்கடல் மட்டுமா கிடக்கிறது! ஆனால் ஒரு பொருளின் முகப்பை மாற்றினால் அந்தப் பொருள் தன் காலத்தைப் பற்றிச் சொல்லும் செய்தி என்னவாகிறது என்பது, சுவடியும் பதிப்பும் பாடபேதமுமாகப் பொழுதைக் கழிப்பவர்களுக்கு அந்நியமான கேள்வியன்று. தவிரவும், நம்மிடம் பொதுத்தமிழ் படித்துத் தேறி, இன்று கலிஃபோர்னியாவில் மென்பொருள் எழுதிக்கொண்டிருக்கும் பழைய மாணவர் ஒருவர் இதே கேள்வியோடு நம்மை அழைத்தார். அவரிடம் இருப்பது 2013ஆம் ஆண்டுக் கார். அவரைச் சற்று நேரம் காத்திருக்கச் செய்துவிட்டு, மூக்கின் கதைக்கு முதலில் போவோம்.

பெட்ரோல் காருக்கு வாய் வேண்டும். எரியும் எண்ணெயின் ஆற்றலில் பெரும்பகுதி சக்கரத்தைச் சேர்வதில்லை, வெப்பமாகப் போகிறது. அந்த வெப்பத்தைக் கழிக்க ரேடியேட்டர், ரேடியேட்டருக்குக் காற்று, காற்றுக்கு ஒரு வாசல், வாசலுக்கு ஒரு கம்பித்தடுப்பு. கிரில் என்பது இப்படித் தேவையிலிருந்து பிறந்தது. பிறந்தபின் அது முகமாகிவிட்டது. ரோல்ஸ் ராய்ஸின் தூண் வைத்த முகப்பு, 1933 முதல் பிஎம்டபிள்யூ விடாமல் சுமந்துவரும் இரட்டைச் சிறுநீரக வடிவம் என்று குலச்சின்னங்களே அதிலிருந்து உருவாயின. அவ்வளவு தொலைவு போவானேன், எதிரே வரும் அம்பாசிடர் மார்க் 2ஆ மார்க் 3ஆ என்று கிரிலைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லும் கண்கள் நம்மூர் டாக்சி நிறுத்தங்களில் இருந்தனவே!

மின்காருக்கு அவ்வளவு பெரிய வாய் தேவையில்லை. குளிர்விப்பே வேண்டாம் என்று நினைத்துவிடக்கூடாது. விரைவு மின்னேற்றத்தில் நிற்கும் மாடல் எஸ் காரின் முன்னால் விசிறிகள் இரைவதைக் கேட்டவர்களுக்குத் தெரியும், மின்கல அடுக்கு எவ்வளவு சூடாகிறது என்று. ஆனால் அந்தக் காற்றெல்லாம் பம்பரின் கீழ்ப்பகுதியிலுள்ள திறப்புகள் வழியாக, தேவைக்கேற்ப மூடித் திறக்கும் மடல்களைத் தாண்டி உள்ளே போகிறது. மேலே இருந்த அந்தக் கறுப்பு மூக்கு காற்றே புகாத மூடிய தகடு. கிரில் போலத் தோற்றம் காட்டியதே அதன் வேலை.

இந்தப் பாவனை டெஸ்லாவின் கண்டுபிடிப்பும் அன்று. 1907இல் தொடங்கிய டெட்ராய்ட் எலெக்ட்ரிக் என்ற மின்கார், அந்நாளில் நகரத்துச் செல்வர் வீடுகளில் மதிப்போடு ஓடியது. பெட்ரோல் காரை உலகுக்கு விற்ற ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாராவே 1914ஆம் ஆண்டு டெட்ராய்ட் எலெக்ட்ரிக் ஒன்றை ஓட்டினார். தொடக்கத்தில் அவை குதிரை அவிழ்த்துவிட்ட கோச்சு வண்டி போலக் கூச்சமின்றித் தம் உருவத்திலேயே இருந்தன. பெட்ரோல் கார் சந்தையைப் பிடித்த பிறகு, முன்னால் பொய்யாக ஒரு பானெட்டையும் ரேடியேட்டர் முகத்தையும் ஒட்டிக்கொண்ட மின்கார்கள் விற்பனைக்கு வந்தன. தோற்றவன் வென்றவனின் உடையை அணிந்துகொண்டான் என்று இதனைச் சொல்லலாம். உடை காப்பாற்றவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நூறாண்டு கழித்து மின்கார் மீண்டும் வந்தபோது வடிவமைப்பாளர்களுக்கு அதே தயக்கம் இருந்தது. 2010 இறுதியில் வந்த நிசான் லீஃப் கிரில் வைக்காமல் அந்த இடத்தில் மின்னேற்றும் வாயைத் துணிந்து வைத்தது. பலர் அதனைத் தவளை என்று கேலி செய்தனர். 2013இல் வந்த பிஎம்டபிள்யூ ஐ3 தன் சிறுநீரகங்களை விடவில்லை, உள்ளே அடைத்துவிட்டது. மாடல் எஸ் காரை வடிவமைத்த ஃபிரான்ஸ் ஃபான் ஹோல்ஸ்ஹௌசன் கறுப்பு மூக்கைத் தேர்ந்தார். முற்றிலும் புதிய ஒன்றை விற்கும்போது, வாங்குபவர் மிரளாமல் இருக்கப் பழகிய ஒன்றை முகத்தில் வைப்பது வணிகத் தந்திரம் என்பதாகவே நாம் அதனைப் படிக்கிறோம். தந்திரம் பலித்தது. 2013 செப்டம்பரில் நார்வே நாட்டில் அந்த மாதம் மிகுதியாக விற்ற கார் மாடல் எஸ். மின்கார் என்றால் கோல்ஃப் மைதானத்து வண்டி என்றிருந்த எண்ணத்தை உடைத்தது மூக்குள்ள அந்தக் கார்தான். மூக்கில்லாத கார் வருவதற்கு முன்பே அந்தப் போர் வெல்லப்பட்டுவிட்டது. இதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

இனி மாணவரின் கேள்வி. “ஐயா, வண்டி பழசுன்னு பார்த்த உடனே தெரிஞ்சுடுது. முன்பக்கம் மட்டும் மாத்திட்டா யாருக்கும் தெரியாது. செய்யலாமா?” என்பது அவர் கேட்டது. மூன்று காரணங்கள் சொன்னார். நெடுஞ்சாலைக் கற்கள் தெறித்துப் பழைய பம்பர் முழுக்கக் கொத்துப்பட்டிருக்கிறது. எப்படியும் வண்ணம் அடித்தாக வேண்டும். இரண்டாவது, அந்த மூக்கே ஒரு போலி, அதைக் கழற்றினால் கார் தன் உண்மையான இயல்புக்கு வரும். மூன்றாவதைச் சற்றுத் தயங்கிச் சொன்னார்: ஓராண்டில் விற்க எண்ணம், புதுமுகமாக இருந்தால் விலை கூடக் கிடைக்கலாம்.

முதற்காரணத்தில் உண்மை உண்டு. ஆனால் ‘முன்பக்கம் மட்டும்’ என்ற சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது. பம்பர் என்று நாம் வெளியே பார்ப்பது வெறும் தோல். வளையும் பிளாஸ்டிக்கால் ஆனது. அதன் பின்னால் மோதலின் வேகத்தைத் தின்னும் நுரைப்பட்டை, அதற்கும் பின்னால் உலோகக் குறுக்குச் சட்டம். மணிக்கு இரண்டரை மைல் வேகத்தில் மோதினால் கார் தாங்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. (முன்பு ஐந்து மைலாக இருந்தது, 1982இல் தளர்த்திவிட்டார்கள்.) மூன்று அடுக்கும் சேர்ந்துதான் அந்தச் சோதனையைத் தாங்குகின்றன. தோலின் வளைவு மாறினால் அதற்கும் நுரைக்கும் இடையே வெற்றிடம் விழும், அல்லது நுரையைச் செதுக்க வேண்டிவரும். செதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்து விளிம்புகள். முன் பம்பர் முகப்பு விளக்குகளையும் மட்கார்டுகளையும் பானெட்டையும் ஒருசேரத் தொடுகிறது. 2016இல் முகத்தோடு விளக்கும் மாறியது. பழைய செனான் விளக்கு போய் எல்இடி வந்தது. ஆகவே ஆலையின் புதிய பம்பரையே வாங்கி வைக்க நினைப்பவர் பம்பரோடு நிற்க முடியாது. அக்கம்பக்கத்து உறுப்புகளையும் மின்கம்பி இணைப்புகளையும் சேர்த்தே இழுக்க வேண்டும். அதைத் தவிர்க்க விரும்புவோர்க்குத்தான் பழைய விளக்குக்கும் பழைய மட்கார்டுக்கும் பொருந்துமாறு வெளியார் வார்த்த பம்பர்கள். அவற்றின் பொருத்தம் வார்த்தவரின் கைத்திறனைப் பொறுத்தது. விளிம்பில் இடைவெளி சீராக அமையவில்லையென்றால் தேய்ப்பது, பட்டி பார்ப்பது, மீண்டும் தேய்ப்பது என்று பட்டறையில் நாட்கள் போகும். பிறகு வண்ணம். பன்னிரண்டு ஆண்டு வெயிலில் நின்ற காரின் வண்ணமும், அதே எண்ணுள்ள புதுவண்ணமும் ஒன்றாக இரா. அண்டைத் தகடுகளிலும் சற்றுத் தூரம் வண்ணத்தைப் படரவிட்டால்தான் கண்ணை ஏமாற்ற முடியும். ஆக, ‘முன்பக்கம் மட்டும்’ என்று தொடங்கிய வேலை கதவு வரை வருகிறது; செலவும் சில ஆயிரம் டாலரைத் தொடுகிறது.

இதுகூடப் பணத்தால் தீரும் தொல்லை. பம்பர் இன்று பார்க்கவும் கேட்கவும் கற்றுக்கொண்டிருக்கிறது என்பதே பெரிய செய்தி. 2014 இலையுதிர்காலம் முதல் வந்த மாடல் எஸ் கார்களில், முன்னால் போகும் வண்டியின் தூரத்தை அளக்கும் ரேடார் முன்புறத்தின் கீழ்ப்பகுதியில் அமர்ந்தது. பம்பர்களில் மொத்தம் பன்னிரண்டு மீயொலி உணரிகள். இவற்றுக்கான துளைகளின் இடமும் கோணமும் ஆலையில் அளந்து வைக்கப்பட்டவை. ரேடாருக்கு முன்னால் தடித்த பட்டியோ உலோகத்துகள் மிகுந்த வண்ணமோ பூசினால் அதன் பார்வை மங்கும். ஐரோப்பாவில் விற்ற கார்களில் இன்னும் ஒன்று உண்டு. நடந்துபோகிறவர் மீது கார் மோதினால், அவர் தலை உள்ளிருக்கும் கடினமான பாகங்களில் அடிபடாதிருக்க, பானெட்டின் பின்விளிம்பு நொடிப்பொழுதில் சற்று உயர்ந்து கொடுக்கும். மோதலை உணர்ந்து அதற்குச் சைகை தரும் உணரிகள் முன் பம்பரில்தான் இருக்கின்றன. நார்வேயிலோ ஹாலந்திலோ ஒருவர் அழகுக்காக அந்தத் தோலை மாற்றும்போது, தமக்கு முன்பின் தெரியாத ஒரு வழிப்போக்கரின் மண்டையோடு சம்பந்தப்பட்ட ஏற்பாட்டில் கை வைக்கிறார். நம் மாணவரின் 2013ஆம் ஆண்டு அமெரிக்கக் காரில் ரேடாரும் இல்லை, எழும்பும் பானெட்டும் இல்லை என்பது அவருக்கு ஆறுதல்.

அவரது இரண்டாவது காரணம் சுவையானது; நம்மைச் சில நாட்கள் யோசிக்க வைத்ததும் அதுவே. மூக்கு போலி என்பதை மேலே நாமே ஒப்புக்கொண்டுவிட்டோம். அப்படியானால் போலியைக் களைவது நேர்மையல்லவா? 2016இன் மழுமுகம், ‘நான் எண்ணெய் குடிப்பவன் அல்லன்’ என்று வெளிப்படையாகச் சொல்கிறது. மின்காருக்கு அதுவே பொருந்திய முகம் என்பதை மறுக்க மாட்டோம். அழகிலும் அது ஒரு படி மேல் என்றுகூடச் சொல்வோம்.

ஆனால் 2012இன் கார் சொன்ன பொய், அந்தக் காலம் சொல்ல வைத்த பொய். அதை வைத்தே அந்தக் காலத்தை நாம் அறிகிறோம். மின்காரை வாங்க உலகம் எவ்வளவு அஞ்சியது, அந்த அச்சத்தை எப்படித் தாஜா செய்ய வேண்டியிருந்தது என்பதற்கு அந்தக் கறுப்புத் தகடு சாட்சி. அதை அகற்றிவிட்டு 2016இன் முகத்தை ஒட்டினால், காரின் இனத்தைப் பற்றி ஓர் உண்மையும் காரின் வயதைப் பற்றி ஒரு பொய்யும் கிடைக்கின்றன. முதல் பொய்யில் ஏமாந்தவர் எவருமில்லை. பெட்ரோல் கார் என்று நம்பி மாடல் எஸ் வாங்கியவர் உண்டா? இரண்டாவது பொய்யில் ஏமாறக்கூடியவர் ஒருவர் இருக்கிறார், ஓராண்டு கழித்து அந்தக் காரை வாங்க வருபவர். மாணவரின் மூன்றாவது காரணம் அவரைக் குறிவைத்தே சொல்லப்பட்டது.

உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, தமக்குக் கிடைத்த ஏடுகளை ஒப்பிட்டுப் பொருந்திய பாடத்தை மேலே வைத்தார்; தாம் விலக்கிய பாடங்களை அழித்துவிடவில்லை, பிரதிபேதம் என்று பக்கத்திலேயே குறித்து வைத்தார். எந்த இடத்தில் யார் கை பட்டது என்பது படிப்பவருக்குத் தெரிய வேண்டும் என்ற நாணயம் அது. பின்னாளில் யாரோ எழுதிய பாடலைப் பழைய நூலுக்குள் சத்தமில்லாமல் நுழைத்துவிடும் இடைச்செருகல்காரர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். அவர்களில் நல்ல கவிகளும் உண்டு, செருகிய பாட்டு சுற்றியுள்ள பாட்டைவிட நன்றாக இருப்பதும் உண்டு. ஆயினும் அவர்களை நாம் பாராட்டுவதில்லை. காருக்கு இவ்வளவு பெரிய உவமை எதற்கு என்று சிலர் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும். பொருள் சிறிதாயினும் நடப்பது அதுவே.

காருக்கும் ஒரு பதிப்பாண்டுப் பக்கம் உண்டு. அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு காரின் முன்கண்ணாடிக்கு அடியிலும் பதினேழு எழுத்துகளும் எண்களும் கலந்த அடையாள எண் இருக்கும். அதில் பத்தாவது எழுத்து மாடல் ஆண்டைச் சொல்கிறது: ‘சி’ என்றால் 2012, ‘டி’ 2013, ‘இ’ 2014, ‘எஃப்’ 2015, ‘ஜி’ 2016. பம்பரை மாற்றினாலும் அந்த எழுத்து மாறாது. ‘பிறகென்ன, பார்த்து வாங்குகிறவன் பார்த்துக்கொள்வான்’ என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முதன்முதலாகப் பழைய காரை வாங்க வருகிறவர் அந்த எழுத்தைத் தேடுவதில்லை, முகத்தைத்தான் பார்க்கிறார். முகம் பொய் சொன்னால் மற்றவற்றைக் கேட்கவும் அவருக்குத் தோன்றாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், மாடல் எஸ் காரின் வயது முகத்தில் இல்லை, உள்ளே இருக்கிறது என்று. தொடக்க காலத்து மின்கல அடுக்குகள் சில, விரைவு மின்னேற்றத்தில் 90 கிலோவாட்டுக்கு மேல் வாங்கா. நடுத்திரையை இயக்கும் கணினியின் எட்டு கிகாபைட் நினைவுச் சில்லு எழுதி எழுதித் தேய்ந்துபோய், பின்னோக்குக் கேமராவும் கண்ணாடியின் பனிநீக்கியும் செயலிழக்கும் நிலை வந்ததால், 2021 பிப்ரவரியில் ஏறக்குறைய 1,35,000 கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. 2022 பிப்ரவரியில் அமெரிக்காவில் ஏடி அண்டு டி நிறுவனம் 3ஜி அலைவரிசையை நிறுத்தியபோது, பழைய மோடம் உள்ள கார்கள் வெளியுலகத் தொடர்பை இழந்தன. மாற்ற வேண்டியவை இவை. திரைக் கணினியைப் புதுத்தலைமுறைக்கு உயர்த்தும் வேலையை நிறுவனமே 2020இல் 2500 டாலருக்குத் தரத் தொடங்கியது. கார் பழைய முகத்தோடேயே பன்மடங்கு இளமையானது. அதை ஒருவரும் வெளியிலிருந்து பார்க்க முடியாது என்பதுதான் குறை போலும்!

பழைய முகத்தைக் கண்டு வெட்கப்படும் அந்த உணர்ச்சி எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2016 மார்ச்சில் காரை எடுத்தவர், ஏப்ரலில் பழைய காருக்குச் சொந்தக்காரர் ஆனார். அவர் காரில் ஒரு திருகாணிகூடத் தேயவில்லை. 1920களில் ஜெனரல் மோட்டார்ஸின் ஆல்ஃபிரட் ஸ்லோன் ஆண்டுதோறும் உருவத்தை மாற்றும் வழக்கத்தைத் தொழிலாக்கினார். அதற்கென்றே 1927இல் ஹார்லி எர்ல் தலைமையில் ஒரு கலைப்பிரிவும் அமைந்தது. நேற்று வாங்கியதைக் கண்டு இன்று நாணச் செய்தால்தான் நாளை மீண்டும் வாங்குவான் என்பது அந்தத் தொழிலின் அடிப்படை. எண்ணெயை ஒழிக்கப் புறப்பட்ட மின்கார், எண்ணெய்க் காரின் இந்தப் பழக்கத்தை மட்டும் ஒழிக்காமல் கூடவே அழைத்து வந்துவிட்டது. நன்றாக இருக்கும் பம்பரைக் கழற்றிக் குப்பையில் போடுபவர் தம் சொந்தச் செலவில் ஸ்லோனுக்கு வேலை செய்கிறார். துரத்துவதற்கும் முடிவில்லை. 2021இல் மாடல் எஸ் முகம் மறுபடி திருத்தப்பட்டது. 2025இல் பம்பரின் நடுவே ஒரு கேமராவும் வந்து உட்கார்ந்தது. 2016இன் முகத்தை ஒட்டிக்கொண்டவர்களின் காரும் பார்த்த உடனே பழையதாகத்தான் தெரிகிறது, அதுவும் வேறொருவரின் பழமையாக.

காரை உடைமையாகக் கொண்டவருக்கு உரிமை இல்லையா என்றால், உண்டு. தம் பொருளைத் தாமே திறந்து திருத்தும் உரிமையை உற்பத்தியாளர்கள் பறிக்க முயலும் காலம் இது. அந்த உரிமைக்காக வாதாடுகிறவர்கள் பக்கமே நாமும் நிற்கிறோம். விபத்தில் முன்புறம் நொறுங்கி, பழைய பம்பர் உதிரிபாகச் சந்தையில் கிடைக்காமல், கிடைத்த புதுமுகத்தை வைத்துக்கொண்டவரைக் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை. தம் காரை வாழ்நாள் முழுதும் தாமே ஓட்டப் போகிறவர் அதற்கு யானை முகம் வைத்தாலும் யாருக்கு என்ன? உணரிகளை முறையாக அமைத்துச் சரிபார்த்துக்கொண்டால் போதும். விற்கும்போதுதான் விவகாரம் வருகிறது.

விற்கும்போது சொல்ல வேண்டிய அவசியத்துக்கு நாணயத்தைத் தவிர இன்னொரு காரணமும் இருக்கிறது. அந்தக் கறுப்பு மூக்குக்கு உண்மையில் ஒரு பயன் இருந்தது. மாடல் எஸ் காரில் பெரிய மின்கல அடுக்கைத் தவிர, கதவுப் பூட்டு, விளக்கு, கணினி ஆகியவற்றுக்காக 12 வோல்ட் சிறிய பேட்டரி ஒன்று உண்டு. அது செத்துவிட்டால் கதவும் திறக்காது, முன்மூடியும் திறக்காது. அப்போது மூக்குத் தகட்டை ஓரத்தில் நெம்பிக் கழற்றினால், வெளியிலிருந்து மின்சாரம் கொடுப்பதற்கான இரண்டு முனைகள் பின்னால் இருக்கும். பழைய காரின் கையேடு அப்படித்தான் சொல்கிறது. விபத்து மீட்புப் படையினருக்காக நிறுவனம் வெளியிடும் வழிகாட்டிகளும் மாடல் எஸ் காருக்கு ஆண்டுவாரியாகத் தனித்தனியே இருக்கின்றன. முன்மூடியைத் திறக்கும் வழி முகத்துக்கு முகம் வேறுபடுகிறது. நள்ளிரவில் நெடுஞ்சாலையில் கவிழ்ந்த காரை நோக்கி ஓடிவரும் தீயணைப்பு வீரர் பதினேழு எழுத்து எண்ணைப் படித்துக்கொண்டிருக்க மாட்டார். முகத்தைப் பார்த்து, எந்த வழிகாட்டி என்று முடிவு செய்வார்.

மாணவரிடம் இவற்றையெல்லாம் சொன்னோம். ஒரு வாரம் கழித்து, பழைய பம்பருக்கே வண்ணம் அடிக்கக் கொடுத்திருப்பதாகச் செய்தி அனுப்பினார். நம் வாதம் வென்றதா, பட்டறைக்காரர் சொன்ன தொகை வென்றதா என்று நாம் கேட்கவில்லை.

கேட்காமலே செய்து முடித்துவிட்டவர்களுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. கழற்றிய மூக்கை எறிய வேண்டாம். கராஜில் துணி சுற்றி வையுங்கள். பம்பர் வாங்கிய ரசீதையும் உணரிகளைச் சரிபார்த்த சீட்டையும் அதோடு சேர்த்து வையுங்கள். காரை விற்கும் நாளில் மூன்றையும் வாங்குபவர் கையில் கொடுத்து, இது இன்ன ஆண்டுக் கார் என்பதோடு, 12 வோல்ட் முனைகள் இப்போது எங்கே இருக்கின்றன என்பதையும் விரலால் தொட்டுக் காட்டிவிடுங்கள்.